காற்றை அடைத்த கால்நடை டாக்டர்

ஆண்டு மலர் என்றால் எடிசன், ஜேம்ஸ் வாட் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில் கலாம் ஐயாவைப் பற்றி எழுதாத மலரே கிடையாது. இந்த முறை நான் வேறு ஒருவரை எடுத்துக் கொண்டேன். தொண்டி கடற்கரையில் மீன் ஏற்றுகிற டயர் வண்டி, திருவாடானைக்கு மீன் கூடை கட்டிப் போகிற சைக்கிள், ஈ.சி.ஆர். ரோட்டில் பறக்கிற கார் எல்லாத்துக்கும் அடியில் அவர் வேலை இருக்கு. பேரைச் சொன்னா கம்பெனி பேர் என்றுதான் பலரும் நினைப்பாங்க. அவர்தான் ஜான் பாய்ட் டன்லப்.

டன்லப் 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் ட்ரெக்ஹார்ன் என்ற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோவில் மாட்டு வைத்தியம், குதிரை வைத்தியம் படித்தார். 19 வயதிலேயே கால்நடை மருத்துவர் ஆகிவிட்டார். அதாவது நம்ம வயசு! 1867-இல் அயர்லாந்துக்குப் போனார். பெல்பாஸ்ட் நகரில் அவர் நடத்திய குதிரை வைத்தியசாலை நன்றாக ஓடியது. இன்ஜினியரிங் அவர் படித்ததே இல்லை என்பதை நாம கவனிக்கணும்.

அப்போதெல்லாம் சைக்கிள் சக்கரத்தில் கெட்டி ரப்பர் பட்டைதான் இருக்கும். பெல்பாஸ்ட் தெருவோ கல் பாவிய தெரு. டன்லப்பின் சின்ன மகன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவான். அந்தத் தெருவில் ஓட்டினால் உடம்பெல்லாம் குலுங்கும். 1887-இல் டன்லப் இதற்கு ஒரு வழி யோசித்தார். மெல்லிய ரப்பர் தகட்டில் ஒரு குழாய் செய்தார். அதை ஒரு வட்டமான மரப்பலகையின் விளிம்பில் துணி வைத்துச் சுற்றி ஒட்டி, காற்று அடித்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதை உடனே கொண்டு போய் மகன் வண்டியில் மாட்டவில்லை. பழைய கெட்டி ரப்பர் சக்கரத்தையும் தன் காற்றுச் சக்கரத்தையும் வீட்டு முற்றத்தில் உருட்டி விட்டுப் பார்த்தார். பழைய சக்கரம் பாதியிலேயே சாய்ந்து விழுந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தைத் தாண்டிப் போய் கேட்டில் மோதித் திரும்பியது. அப்புறம்தான் மகன் வண்டியின் பின் சக்கரங்களுக்கு வந்தார். அதன் பிறகு பெரிய சைக்கிளுக்குப் போனார். 1888 டிசம்பர் 7-ஆம் தேதி அவருக்கு பேடன்ட் கிடைத்தது.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. காற்று டயர் தடி. பழைய சைக்கிள் போர்க்கில் அது நுழையவே நுழையாது. டயரை ஒல்லியாக்கி எப்படியாவது திணிப்போம் என்று அவர்கள் நினைக்கவில்லை. அந்த டயருக்கு இடம் விட்டு அகலமான பிரேம் தனியாகக் கட்டினார்கள். 1889 மே 18-ஆம் தேதி பெல்பாஸ்ட் குயின்ஸ் காலேஜ் மைதானத்தில் சைக்கிள் பந்தயம் நடந்தது. வில்லி ஹியூம் என்பவர் அந்தக் குண்டு டயர் சைக்கிளோடு வந்து நின்றார். கூட்டம் சிரித்தது. நாலு பந்தயத்திலும் ஹியூமே ஜெயித்தார். சிரிப்பு நின்று போனது.

தோற்றவர்களில் ஹார்வி டு கிராஸ் என்ற வியாபாரியின் பிள்ளைகளும் உண்டு. தன் பிள்ளைகளைத் தோற்கடித்த டயரை வைத்து அவரே கம்பெனி தொடங்கி, டன்லப்பையும் சேர்த்துக் கொண்டார். ஆனால் 1890-இல் ஒரு இடி விழுந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே குதிரை வண்டிக்குக் காற்று டயர் கண்டுபிடித்து பேடன்ட் வாங்கியிருந்தார். அந்தக் காலத்தில் அதைப் பயன்படுத்த ஏற்ற வண்டி இல்லாததால் உலகம் மறந்து விட்டது. டன்லப்பின் பேடன்ட் செல்லாமல் போனது. 1895-இல் அவர் கம்பெனியை விட்டு விலகினார். அதற்கு அடுத்த வருடமே கம்பெனி பெருந்தொகைக்குக் கை மாறியது. லாபம் போனது வேறு ஆட்களுக்கு. டன்லப் 1921 அக்டோபர் 23-ஆம் தேதி டப்ளின் நகரில் தன் 81-ஆம் வயதில் காலமானார்.

1895-இல் பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் பாரிஸ்–போர்டோ–பாரிஸ் பந்தயத்தில் காற்று டயர் போட்ட காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர், பரிசும் இல்லை. ஆனாலும் காருக்கும் காற்று டயர் தாங்கும் என்று அன்றைக்கே தெரிந்து விட்டது. பிற்பாடு நம்ம சென்னை அம்பத்தூரிலும் டன்லப் தொழிற்சாலை ஓடியது.

இந்தக் கதையை நான் ஏன் இப்போ எழுதுறேன்? நம்ம பக்கம் பசங்க கார் வாங்கினதும் முதல் வேலையா பெரிய அலாய் வீல் மாட்டுறாங்க. பார்க்க ஸ்போர்ட்டியா இருக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா கணக்குப் போட்டுத்தான் மாட்டுறோமா?

ஒரு சின்னக் காருக்குக் கம்பெனி டயர் 185/65 ஆர்15 என்று வைத்துக் கொள்வோம். அகலம் 185 மி.மீ. அதில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ., பக்கச்சுவர் உயரம். ரிம் 15 இன்ச், அதாவது 381 மி.மீ. மொத்த விட்டம் ஏறக்குறைய 621 மி.மீ. இதில் 17 இன்ச் ரிம் மாட்டணும்னா ரெண்டு வழிதான் உண்டு.

முதல் வழி 205/45 ஆர்17. மொத்த விட்டம் 616 மி.மீ., கிட்டத்தட்ட அதேதான். ஆனா பக்கச்சுவர் 120-லிருந்து 92 மி.மீ. ஆகிவிடும். ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே டன்லப் வைத்த மெத்தையில் கால்வாசியை நாமே காசு கொடுத்து எடுத்து விடுகிறோம். பள்ளத்தில் விழுந்தால் அடி நேரா ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகும்.

ரெண்டாவது வழி 215/55 ஆர்17. மெத்தை குறையாது, ஆனா விட்டம் 668 மி.மீ. ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 86-இல் போகும். சக்கரம் 30 மி.மீ. அகலம், மேல் பக்கம் 23 மி.மீ. உயரம் கூடிவிடும். மட்கார்டுக்குள் அந்த இடம் இருக்கா? காலி வண்டியில் டயர் சும்மா சுத்தும். லோடு ஏறினாத்தான் தெரியும்.

எங்க மச்சான் ஒருத்தர் இந்த ரெண்டாவது வழியில் போனவர். குடும்பத்தோட மதுரை போய்விட்டு வந்த அன்றைக்கு, பின் டயர் மட்கார்டில் உரசி உரசி நூல் தெரியுற அளவுக்குத் தேய்ந்திருந்தது. பின் சீட்டில் இருந்தது எங்க அத்தையும் ரெண்டு சின்னப் பிள்ளைகளும். இன்னும் இருபது கிலோமீட்டர் ஓடியிருந்தா என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமா இருக்கு. அவரிடம் காசு இருந்தது, ஆசை இருந்தது. டேப் வைத்து அளந்து சொல்ல ஒரு ஆள்தான் பக்கத்தில் இல்லை.

அந்த ஆள் நாமதான் நண்பர்களே! எங்க வீட்டில் முதன்முதலா படிக்க வந்தவன் நான். ஊரில் யாராவது வண்டியில் கை வைத்தால் இனி என்னைத்தான் கேட்பாங்க. உங்களையும் கேட்பாங்க. அப்போ விட்டம் எவ்வளவு, உள்ளே இடம் எவ்வளவு, டயர் தாங்கும் எடை எவ்வளவு, ரிம்மின் ஆப்செட் சரியா, இந்த நாலையும் பார்த்துச் சொல்லணும். கம்பெனி குறித்த அளவிலிருந்து வண்டியை மாற்ற 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கட்டுப்பாடு போட்டிருப்பதையும் சேர்த்துச் சொல்லணும். 16 இன்ச்சில் 195/55 போட்டால் விட்டம் அதே 621-தான் வருது, மெத்தையும் 107 மி.மீ. மிஞ்சும், அழகும் கிடைக்கும் என்று மாற்று வழியும் காட்டலாம். ரிம் அகலமும் ஆப்செட்டும் அந்த வண்டிக்குப் பொருந்தினால் போதும்.

குதிரைக்கு வைத்தியம் பார்த்த மனுஷன் முற்றத்தில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் தன் மகன் வண்டியில் மாட்டினார். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கிற நாம அளந்து பார்த்த பிறகு அடுத்தவர் வண்டியில் கை வைப்போம்.

— இரண்டாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு, தொண்டி