நாமகிரித் தாயாரும் கணித மேதையும்

கொங்கு நாட்டுத் திருத்தலமாகிய நாமக்கல்லில் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்தில் உதித்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். அன்னை கோமளத்தம்மாளின் தாய்வீடு இருந்த ஈரோட்டில் 22-12-1887 அன்று பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கல்லூரித் தேர்வில் தவறி வறுமையில் வாடிய நாளிலும் கணிதத்தை விட்டாரில்லை. தாம் கண்ட சூத்திரங்களை ஏடுகளில் எழுதி வைத்தார். அவற்றைத் தாயாரே கனவில் அருளியதாக அவர் சொன்னாரென நண்பர்கள் நினைவுகூர்ந்துள்ளனர்.

1913-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியை அடைந்தது. ஹார்டியோ கடவுள் நம்பிக்கை அற்றவர். எதற்கும் நிரூபணம் வேண்டுபவர். ஆயினும் அவரே இராமானுஜனை வரவழைத்தார். 1914 முதல் ஐந்தாண்டுகள் இருவரும் இணைந்து உழைத்தனர். 1918-இல் ராயல் சொசைட்டி இராமானுஜனை அங்கத்தினராக ஏற்றது. 1920-இல், 32-ஆம் வயதில், அவர் மறைந்தார்.

ஏடுகளில் இருந்த 3,000-க்கு மேற்பட்ட முடிவுகளைப் பின்வந்த அறிஞர்கள் சோதித்தனர். மிகப் பெரும்பாலானவை மெய்யாயின. ஆனால், பகா எண்களைப் பற்றி அவர் கூறியவற்றுள் சில பிழைபட்டன. மெய்யானவற்றைக் கொண்டு தாயார் உண்டென்று சாதிப்போமாயின், பிழைபட்டவற்றைக் கொண்டு இல்லையென்று பிறர் சாதிப்பர். இரண்டும் பொருந்தா. சூத்திரம் மெய்யா என்பதைக் கணிதம் காட்டும். அதன் ஊற்று எதுவென்பது கணிதத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நிரூபணத்தின் அருமையை இராமானுஜன் ஹார்டியிடம் கற்றார். தாயாரிடம் கொண்ட பக்தியையும் விட்டாரில்லை. ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி சொல்ல வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. சன்னிதியில் கைகூப்பி நிற்கும் அன்பர்களாகிய நமக்கும் அதுவே நன்னெறி.