புண்படுத்தாத புலமை: எச். ஏ. கிருஷ்ண பிள்ளை

நவராத்திரி தோறும் திருவனந்தபுரத்தின் ஆரியசாலை ஒரு விருந்தினரை வரவேற்கிறது. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் அப்போது தலைநகருக்கு எழுந்தருள்கின்றனர். சரஸ்வதி தேவி கோட்டைக்குள் தங்குகிறாள். நங்கைக்குச் செந்திட்டைக் கோயிலிலும், குமாரசுவாமிக்கு ஆரியசாலை தேவி கோயிலிலும் இடம் அளிக்கப்படுகிறது. அந்த நாட்களில் அன்னையின் சந்நிதி வேளிமலை முருகனுக்கும் உறைவிடமாகிறது. சாலைக் கடைத்தெருவை ஒட்டிய அப்பகுதியில் மலையாளத்துடன் தமிழும் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வருகிறது.

இந்த நகருக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு தமிழாசிரியர் வந்து சேர்ந்தார். மகாராஜா கல்லூரியில் தமிழ் கற்பிப்பது அவர் பணி. பிறப்பால் வைணவரான அவர், முப்பதாம் வயதை ஒட்டிக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர். 1750ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மர் தமது நாட்டையே ஸ்ரீ பத்மநாப சுவாமியின் திருவடிகளில் சமர்ப்பித்திருந்தார். அந்தத் தலைநகரில், திருமாலைத் தொழுது வளர்ந்து பின்னர் கிறிஸ்துவைத் தம் இரட்சகராக ஏற்ற ஒருவர் வாழ்ந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. தமது பழைய அன்பின் அடையாளங்கள் நடுவே, புதிய நம்பிக்கைக்கு அவர் எவ்வாறு விடை கூறினார்? எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் வாழ்க்கை இக்கேள்விக்குப் பதிலாக அமைந்தது.

கம்பன் வளர்த்த பிள்ளை

கிருஷ்ண பிள்ளை 1827ஆம் ஆண்டு பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பில், வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சங்கர நாராயண பிள்ளை, தாய் தெய்வநாயகி அம்மாள். தந்தைக்குக் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. இராம கதை அந்த இல்லத்தில் ஏட்டில் மட்டுமின்றி நாவிலும் நெஞ்சிலும் வாழ்ந்தது. தமிழ் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்ற மகனுக்குக் கம்பனின் சந்தம் மூச்சுடன் கலந்துவிட்டது.

அவர் வளர்ந்த காலத்தில் திருநெல்வேலிச் சீமை சமயப் பூசல்களால் கொந்தளித்திருந்தது. ஒருபுறம் மிஷனரிகளின் பிரசாரம் வேகமாகப் பரவிற்று. அவர்களுள் சிலர் மக்கள் வழிபடும் தெய்வங்களை இழித்துப் பேசவும் எழுதவும் தயங்கவில்லை. மறுபுறம், 1840களில் விபூதிச் சங்கம் என்ற பெயரில் எதிர்ப்பு திரண்டது. அது சில ஊர்களில் கலகமாகவும் வெடித்தது. சொல்லால் தொடங்கிய பகை கல்லெறியில் முடிவதை அம்மக்கள் நேரில் கண்டனர்.

1853ஆம் ஆண்டில் சாயர்புரத்தில் இருந்த கிறிஸ்தவக் கல்விச்சாலைக்குத் தமிழாசிரியர் தேவைப்பட்டார். கிருஷ்ண பிள்ளையின் புலமையைச் சோதித்து அவரைத் தேர்ந்தவர் கால்டுவெல். பணியில் அமர்ந்தவர் உறுதியான வைணவர். தம்மைச் சுற்றியிருந்த சமயத்தின்பால் அவருக்கு அன்பில்லை, வெறுப்பே இருந்தது. ஆகவே, கிறிஸ்தவத்தைக் குறை காண்பவரின் மனம் எத்தகையது என்பதை அவர் நூல்களில் படித்து அறியவேண்டியிருக்கவில்லை. அது அவருடைய மனமாகவே இருந்தது.

அந்த மனத்தை மாற்றியது வாதப்போர் அன்று. கிறிஸ்தவ சமயம் தழுவிய நண்பர் ஒருவர் சில நூல்களை அவரிடம் கொடுத்துப் படிக்கச் செய்தார். அவற்றுள் ஒன்று, ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட, மோட்சம் நாடிச் செல்லும் யாத்திரிகனைப் பற்றிய உருவகக் கதையின் தமிழாக்கம். தோற்கடிக்க முயலாத நட்பும், தனிமையில் படித்துச் சிந்திக்கக் கிடைத்த அவகாசமும் அவருள்ளே மெல்ல வேலை செய்தன. 1858ஆம் ஆண்டில் அவர் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். உறவினரின் துயரத்துக்கும் சினத்துக்கும் அவர் ஆளாக நேர்ந்தது. ஒருவரின் சமய மாற்றம் ஒரு குடும்பத்தின் கண்ணீராகவும் இருக்கும் என்பதை அவர் தம் வீட்டிலேயே கண்டார்.

சென்னையில் கிடைத்த முன்மாதிரி

சென்னையில் கிருஷ்ண பிள்ளைக்குப் பீட்டர் பெர்சிவலின் தொடர்பு வாய்த்தது. பெர்சிவல் 1855இல் தொடங்கிய 'தினவர்த்தமானி' இதழில் அவர் துணையாகப் பணியாற்றினார். பெர்சிவலின் கதை இங்கே நினைவுகூரத்தக்கது.

யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையை நடத்தியபோது, பெர்சிவல் பைபிளைத் தமிழில் பெயர்க்கும் பணிக்கு ஆறுமுகம் என்ற சைவ இளைஞரைத் துணையாகக் கொண்டார். திருநீறு அணிந்த அவ்விளைஞரின் சைவ ஒழுக்கம் இப்பணிக்குத் தடையாகக் கருதப்படவில்லை. 1848இல் இருவரும் அம்மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டு வந்து, மழவை மகாலிங்கையர் என்ற தமிழறிஞரின் மதிப்பீட்டுக்கு வைத்தனர். அந்த இளைஞரே பின்னாளில் ஆறுமுக நாவலர் எனப் புகழ்பெற்றார். மிஷனரிகளின் சைவ நிந்தைக்கு மறுப்பாக 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூல் 1854இல் அவரிடமிருந்து வெளிவந்தது. பைபிளை வரி வரியாக அறிந்தவர் எழுதிய கண்டனம் ஆதலால், அதன் கூர்மை மிகுதியாக இருந்தது.

ஒரு கிறிஸ்தவப் போதகர், தம் சமயத்தை ஏற்காத ஒருவரின் அறிவையும் ஒழுக்கத்தையும் மதித்து ஆண்டுக்கணக்கில் உடன் வைத்திருந்தார். பெர்சிவல் தமிழ்ப் பழமொழிகளையும் திரட்டி நூலாக்கியவர். மக்களின் மொழியைக் காது கொடுத்துக் கேட்டவர்க்கே அது இயலும். இத்தகையவரின் அருகில் இருந்தது கிருஷ்ண பிள்ளைக்கு நல்ல பயிற்சியாக அமைந்திருக்க வேண்டும்.

விடை காவியமாக மலர்ந்தது

சென்னையிலும், மீண்டும் சாயர்புரத்திலும், பிறகு பாளையங்கோட்டையிலும் கிருஷ்ண பிள்ளை தமிழ் கற்பித்தார். தம் மனத்தைத் தொட்ட யாத்திரிகனின் கதையைத் தமிழ்க் காவியமாக ஆக்கும் எண்ணம் அவருள் வளர்ந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'நற்போதகம்' என்ற மாத இதழில் 'இரட்சணிய யாத்திரிகம்' பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்தது. 1894இல் நூலாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என்னும் ஐந்து பகுதிகளும், 3,700க்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்ட பெருநூல் அது.

அதன் பொருள் கிறிஸ்தவம், நடையோ கம்பனுடையது. ஆழ்வார்களும் நாயன்மார்களும் பாடிய பக்தியின் குழைவு அதில் நிறைந்துள்ளது. 'போற்றித் திருவகவல்' என்னும் தலைப்பில் அவர் பாடியதும், 'இரட்சணிய மனோகரம்' என்னும் தோத்திர நூலை இயற்றியதும் அந்த மரபின் வழியே ஆகும். தாம் விட்டுவந்த இல்லத்தின் விளக்கை அவர் ஊதி அணைக்கவில்லை. அதன் ஒளியிலேயே தம் புதிய வேதத்தைப் படித்தார். கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழ்நாடு அவரை அழைப்பதன் காரணம் இதுவே.

பனியனின் கதையில் இல்லாத ஒன்றைக் கிருஷ்ண பிள்ளை குமார பருவத்தில் விரிவாகச் சேர்த்தார். அது இயேசுநாதரின் வரலாறும் பாடுகளும் ஆகும். பகைவர் அவரைக் கயிற்றால் பிணித்து இழுத்துச் செல்லும் காட்சியில் கவிஞர் ஒரு நுட்பமான கருத்தை வைக்கிறார். அவரைக் கட்டியது கயிறு என்று எவரும் எண்ண வேண்டா. தம்மைப் பகைத்த மனிதர்களை நினைந்து உருகிய அன்பே அவரை அசையவொட்டாமல் பிணித்த நெடுஞ்சங்கிலி என்பது அப்பாடலின் கருத்து. பழித்தோர் முன் அவர் பொறுமை காத்ததும், கொன்றவர்க்காக மன்றாடியதும் அக்காட்சியைத் தொடர்ந்து வருகின்றன. தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புப் பாடநூலில் இப்பகுதி இடம்பெற்றதால், பல சமயத்து மாணவர்களும் இதைப் படித்தனர்.

தம் சமயத்துக்கு அவர் வழங்கிய ஆழமான விடை இதுவே. மென்மையை வலிமையின்மை என்று கருதுபவர்க்கு, அது கட்டுப்பட்ட வலிமை என்று அவர் காட்டினார். தம் தலைவர் பகைவர் முன் எவ்வாறு நின்றாரோ, அவ்வாறே அவருடைய அடியார் விமர்சகர் முன் நிற்க வேண்டும் என்பது இதிலிருந்து தானே பெறப்படும்.

திருவனந்தபுரத்துச் சூழல்

கிருஷ்ண பிள்ளை பணியாற்றிய காலத்துத் திருவனந்தபுரம் அறிவு விழிப்பில் திளைத்தது. பின்னர் 'மனோன்மணீயம்' இயற்றிப் புகழ்பெற்ற பெ. சுந்தரம் பிள்ளை மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியால் 1885இல் சைவப் பிரகாச சபை தோன்றியது. அவரே தம் கிறிஸ்தவ ஆசிரியர் டாக்டர் ஹார்வியின் மீது கொண்ட பக்தியால் தம் இல்லத்துக்கு ஹார்விபுரம் எனப் பெயரிட்டவர். சட்டம்பி சுவாமிகள் கிறிஸ்தவக் கொள்கைகளைக் கடுமையாக ஆராய்ந்து மறுத்த 'கிறிஸ்துமதச்சேதனம்' 1890ஐ ஒட்டி வெளிவந்தது. கோயில் விழாக்களுக்கு வந்து பிரசாரம் செய்தோர் இந்து தெய்வங்களைப் பழித்ததே அத்தகைய எழுத்துகளுக்குத் தூண்டுதலாயிற்று. பழிச்சொல் மறுப்பைப் பிறப்பித்தது. மறுப்பு மேலும் விரிசலைப் பெருக்கியது.

இந்நிலையில் ஒரு கிறிஸ்தவர் என்ன செய்வது? புதிய ஏற்பாட்டில் பேதுரு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் இதற்கு வழி கூறுகிறது. தங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கும் எவருக்கும் விடை கூற ஆயத்தமாயிருக்கும்படியும், அவ்விடையைச் சாந்தத்துடனும் பயபக்தியுடனும் கூறும்படியும் அது விசுவாசிகளைப் பணிக்கிறது. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, விடை என்பது கேட்பவர்க்கே உரியது. கேளாதவர் வாசலில் சென்று முழங்குவது விடையாகாது. இரண்டாவது, உண்மையை உடையவனாக இருப்பது மட்டும் போதாது. அதை உரைக்கும் முறையும் அந்த உண்மைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும்.

தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. எதிர்ச்சமயத்தைச் சாடும் நீலகேசி போன்ற நூல்கள் இங்கு உண்டு. ஆயினும் மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்டறிந்த பின்னரே தன் வழியைத் தேர்ந்தாள். கேட்டல் முதலில், தேர்தல் பின்னர் என்பதே அக்காப்பியம் காட்டும் ஒழுங்கு.

உறுதியும் மென்மையும்

கிருஷ்ண பிள்ளை எல்லாச் சமயங்களும் ஒன்றே என்று கூறியவர் அல்லர். 1898இல் வெளிவந்த 'இரட்சணிய சமய நிர்ணயம்' என்ற உரைநடை நூலில், இரட்சிப்பைத் தரும் சமயம் எது என ஆராய்ந்து, கிறிஸ்தவமே அது என்ற முடிவை நிறுவ முற்படுகிறார். சைவருக்கும் வைணவருக்கும் இம்முடிவு உடன்பாடாக இராது. இதை மறைப்பது அவருக்கும் நியாயமன்று, வாசகருக்கும் நியாயமன்று.

ஆனால், உறுதியான கொள்கை உடையவர் கடுமையாகத்தான் பேச வேண்டும் என்பதில்லை. ஐயம் உள்ளவனே உரக்கக் கூவுகிறான்; தன் நம்பிக்கையில் நிலைபெற்றவனுக்குக் குரலை உயர்த்தும் தேவை எழுவதில்லை. கிருஷ்ண பிள்ளையின் ஆயுளில் நெடுங்காலத்தை எடுத்துக்கொண்டது வாத நூல் அன்று, காவியம். மாற்றுச் சமயத்தார் அவருடைய முடிவை ஏற்காமலே அக்காவியத்தின் பாடல்களை மனம் கனிந்து படிக்கின்றனர். வாதத்தில் வென்றவனின் நூலைத் தோற்றவன் பாராயணம் செய்வதில்லை. அன்பால் எழுந்த கவிதைக்கோ அந்தத் தடையில்லை.

இதற்கு ஒரு காரணம் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது. எதிரில் நிற்கும் விமர்சகரிடம் அவர் கண்டது தம் பழைய முகத்தை. இராம கதை கேட்டு உருகும் ஒருவரின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அவர் அறிவார். அந்த உருக்கத்தை எள்ளி நகையாடினால், தம் தந்தையையே நகையாடியதாகும். பிறர் போற்றும் ஒன்றைப் பற்றிப் பேசுமுன், அதைப் போற்றுபவரின் இடத்தில் ஒரு கணமேனும் நின்று பார்ப்பது எச்சமயத்தாருக்கும் இன்றியமையாத தவம்.

1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிருஷ்ண பிள்ளை மறைந்தார். அவர் காலத்துப் பூசல் நூல்கள் பல இன்று ஆராய்ச்சியாளரின் அலமாரியில் உறங்குகின்றன. அவருடைய பாடல்கள் மாணவர் நாவில் ஒலித்தன.

ஆரியசாலையில் நவராத்திரி விருந்தினர் தங்கும் நாட்களில், தேவியின் பெருமை குறைவதில்லை. முருகனின் தனித்தன்மையும் மறைவதில்லை. இடம் கொடுப்பவரும் இடம் பெறுபவரும் தத்தம் இயல்பிலேயே விளங்குகின்றனர். வேறுபட்ட நம்பிக்கை உடையவர் ஒருவர் வினாவுடன் வாசலில் நிற்கும்போது, அவரை விருந்தினராக எண்ணி உள்ளே அழைத்து அமர்த்திப் பிறகு விடை கூறுவோமாயின், அந்த விடையில் சினம் இருக்காது. கிருஷ்ண பிள்ளை தம் தமிழில் அத்தகைய ஓர் இருக்கையை இட்டு வைத்தார். அதில் அமர்பவர் எச்சமயத்தார் என்று அது கேட்பதில்லை.