நாற்காலிகள் மாறும், நெறி நிலைக்க வேண்டும்

இந்திய விண்வெளித் திட்டம் குறித்த பேச்சுகளில் இரண்டு செய்திகள் தவறாமல் இடம்பெறுகின்றன. இஸ்ரோவின் அடுத்த தலைவர் யார் என்பது ஒன்று. பிற நாடுகளைவிடக் குறைந்த செலவில் நாம் ராக்கெட் ஏவுகிறோம் என்பது மற்றொன்று. இவற்றை நாம் தனித்தனியே பேசிப் பழகிவிட்டோம். ஆனால், இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று நான் கருதுகிறேன். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குத் தன் பெயரைத் தந்துள்ள சதீஷ் தவனின் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தால் அந்தத் தொடர்பு புலப்படும்.

தவன் 1920 செப்டம்பர் 25 அன்று ஸ்ரீநகரில் பிறந்தார். லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற பட்டங்கள் அரியதொரு சேர்க்கை. கணிதமும் இயற்பியலும் பயின்று இளங்கலை, ஆங்கில இலக்கியத்தில் முதுகலை, அவற்றோடு இயந்திரப் பொறியியல் பட்டமும் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும், 1951-இல் கால்டெக் என அறியப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

விரைந்து செல்லும் காற்று ஒரு பரப்பின்மீது ஏற்படுத்தும் உராய்வை நேரடியாக அளப்பதே அவரது ஆய்வு. ஊகித்துச் சொல்வதைவிட அளந்து சொல்ல வேண்டும் என்ற அந்தப் பண்பு, பிற்காலத்தில் அவர் ஏற்ற நிர்வாகப் பொறுப்புகளிலும் அவரைவிட்டு நீங்கவில்லை.

பட்டம் பெற்ற ஆண்டிலேயே தாயகம் திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். ஒலியைவிட விரைந்த காற்றோட்டத்தை ஆராயும் காற்றுச் சுரங்கத்தை அங்கு உருவாக்கினார். 1962-இல் அக்கழகத்தின் இயக்குநரானபோது அவர் வயது ஏறக்குறைய 42. தொடர்ந்து 1981 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் விக்ரம் சாராபாய் திடீரென மறைந்தார். அப்போது அவருக்கு வயது 52. இந்திய விண்வெளித் திட்டத்தின் கனவும் நிர்வாகமும் பெரும்பாலும் அந்த ஒரு மனிதரைச் சுற்றியே அமைந்திருந்தன. ஒரு தேசியத் திட்டம் தன் முதல் தலைவரை இழக்கும் தருணம், அது நிறுவனமா அல்லது தனிமனிதரின் நிழலா என்பதைக் காட்டிவிடும். அன்று இந்தியா அந்தச் சோதனையின் விளிம்பில் நின்றது.

பணி விடுப்பில் கால்டெக்கில் இருந்த தவனைப் பொறுப்பேற்குமாறு பிரதமர் இந்திரா காந்தி அழைத்தார். உடனே ஓடிவர தவன் இசையவில்லை. அங்கு ஏற்றிருந்த பணியை முடித்துவிட்டே வருவதாகவும், அறிவியல் கழக இயக்குநராகத் தொடர வேண்டும் எனவும், விண்வெளித் திட்டத்தின் தலைமையகம் பெங்களூருவில் அமைய வேண்டும் எனவும் நிபந்தனைகள் வைத்தார். அவை ஏற்கப்பட்டன. இடைப்பட்ட மாதங்களில் எம்.ஜி.கே. மேனன் பொறுப்பைக் கவனித்தார். 1972-இல் விண்வெளி ஆணையமும் விண்வெளித் துறையும் உருவாயின. அதே ஆண்டு செப்டம்பரில் தவன் தலைமை ஏற்றார்.

சாராபாய் வகுத்த இலக்குகளை அவர் மாற்றவில்லை. அவற்றை அடைவதற்கான முறையை மாற்றினார். சிதறிக் கிடந்த பிரிவுகள் மையங்களாக ஒருங்கிணைக்கப்பட்டன. ஒவ்வொரு திட்டத்துக்கும் அதிகாரமும் பொறுப்பும் கொண்ட திட்ட இயக்குநர் நியமிக்கப்பட்டார். ஆர்யபட்டா செயற்கைக்கோளுக்கு யு.ஆர். ராவும், எஸ்எல்வி-3 ராக்கெட்டுக்கு அப்துல் கலாமும் அவ்வாறு பொறுப்பேற்றவர்கள். வெளியிலிருந்து வந்த வல்லுநர்களும் அமர்ந்து கேள்வி கேட்கும் ஆய்வுக் கூட்டங்கள் வழக்கமாயின. அங்கு பதவியைவிடத் தரவுக்கே மதிப்பு.

செலவு விஷயத்தில் அவரது காலம் கற்பிப்பது அதிகம். சொந்த ராக்கெட் ஆயத்தமாகும்வரை செயற்கைக்கோள் பணி காத்திருக்கவில்லை. 1975 ஏப்ரல் 19 அன்று ஆர்யபட்டாவை சோவியத் யூனியன் கட்டணமின்றி ஏவித் தந்தது. 1981-இல் ஆப்பிள் செயற்கைக்கோள், ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டின் சோதனைப் பயணத்தில் இலவச இடம் பெற்றது. பிறர் ராக்கெட்டில் இடம் கேட்பதை இழுக்காகக் கருதாத அதே வேளையில், சொந்த ராக்கெட் உருவாக்கும் பணியும் தடைபடாமல் நடந்தது.

1974-இல் பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றுடன் செய்துகொண்ட உடன்பாடு இதனினும் நுட்பமானது. அந்நிறுவனத்தின் வைக்கிங் என்ற திரவ எரிபொருள் எந்திரத்தின் தொழில்நுட்பத்துக்கு ஈடாக இந்தியா முன்வைத்தது தன் பொறியாளர்களின் உழைப்பை. நூறு மனித ஆண்டுகள் அளவுக்கு நம் பொறியாளர்கள் அவர்களுக்காகப் பணியாற்றினார்கள், பணியாற்றியபடியே கற்றார்கள். நாகர்கோவிலைச் சேர்ந்த நம்பி நாராயணன் முன்னின்று உழைக்க, அதிலிருந்து விகாஸ் எந்திரம் பிறந்தது. பிஎஸ்எல்வியின் இரண்டாம் கட்டத்தை இயக்குவதும், 2023-இல் சந்திரயான்-3ஐச் சுமந்த ராக்கெட்டில் இருந்ததும் அந்த எந்திரக் குடும்பமே.

எஸ்எல்வி-3இன் முதல் கட்டமே பின்னாளில் பிஎஸ்எல்வியின் பக்கவாட்டு உந்துகலன்களுக்கு அடிப்படையாயிற்று. பிஎஸ்எல்வியின் முதல் கட்டம் ஜிஎஸ்எல்விக்குச் சென்றது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் உழைப்பைத் தூக்கி எறியாமல் அதன்மீதே கட்டியது. நமது ஏவுசெலவு குறைவாக இருப்பதற்குக் குறைந்த ஊதியத்தை மட்டும் காரணமாகச் சொல்வது மேலோட்டமான விளக்கம். புதிய தலைவர் பழையதைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்காத மரபும் அதில் அடங்கியிருக்கிறது.

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3இன் முதல் ஏவுதல் தோல்வியடைந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவால், ராக்கெட் சில நிமிடங்களில் வங்கக் கடலில் வீழ்ந்தது. செய்தியாளர்களைச் சந்தித்துப் பொறுப்பைத் தவன் தானே ஏற்றதையும், 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோது தன்னை முன்னிறுத்தியதையும் கலாம் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்நிகழ்ச்சியைப் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்வதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். நான் இதில் ஒரு பொருளாதார உண்மையையும் காண்கிறேன். பழி தம்மீது விழும் என்று அஞ்சும் பொறியாளர் குறையை மறைப்பார். மறைந்த குறை அடுத்த ராக்கெட்டையும் வீழ்த்தும். உயர்பொறுப்பில் இருப்பவர் பழியைத் தாங்கும்போது, கீழே இருப்பவர் உண்மையை அச்சமின்றிப் பேசுவார். தோல்விக்கும் வெற்றிக்கும் இடையே ஓராண்டுகூட ஆகவில்லை என்பதை அந்தச் சூழலோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

1984-இல் பொறுப்பை யு.ஆர். ராவிடம் தவன் ஒப்படைத்தார். ஓய்வுக் காலத்தில் பழவேற்காடு ஏரியின் பறவைகளைக் கூர்ந்து நோக்கி, பறவைகள் பறக்கும் விதம் பற்றி நூல் எழுதினார். 2002 ஜனவரி 3 அன்று மறைந்தார். அந்த ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அதே ஆண்டு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் காலத்தில், 1982-இல், ஒப்புதல் பெற்ற பிஎஸ்எல்வி 1994 அக்டோபரில்தான் முதல் வெற்றியைக் கண்டது. இடையில் தலைமை இருமுறை மாறியது. ராவ் காலத்தில் ஏஎஸ்எல்வி 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துத் தோற்றது. பிஎஸ்எல்வியும் 1993-இல் தன் முதல் பயணத்தில் வீழ்ந்தது. இருந்தும் திட்டம் கைவிடப்படவில்லை. 2017-இல் ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களை ஏவியது அந்த ராக்கெட்தான்.

இன்றைய நிலைக்கு வருவோம். தவன் ஏறத்தாழ 12 ஆண்டுகளும், ராவ் 10 ஆண்டுகளும், கஸ்தூரிரங்கன் 9 ஆண்டுகளும் தலைமை வகித்தனர். பின்வந்த மாதவன் நாயர் 6 ஆண்டுகள், ராதாகிருஷ்ணன் 5 ஆண்டுகள், கிரண் குமார் 3 ஆண்டுகள், சிவன் 4 ஆண்டுகள், சோமநாத் 3 ஆண்டுகள். முதல் மூவரும் ஐம்பதை ஒட்டிய வயதில் பொறுப்பேற்றவர்கள். அண்மைக் காலத் தலைவர்களோ பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் நியமிக்கப்படுகிறார்கள். அவர்களது திறமையில் குறையில்லை. அவர்களுக்குத் தரப்படும் காலத்தில்தான் குறை. குமரி மாவட்டத்தைச் சேர்ந்த சிவனும் நாராயணனும் அந்த நாற்காலியை எட்டியது நமக்குப் பெருமையே. எனினும், பெருமையோடு நின்றுவிடாமல் இந்தக் கணக்கையும் நாம் பார்க்க வேண்டும்.

ஏனெனில், போட்டி மாறிவிட்டது. அமெரிக்காவின் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் 2015 டிசம்பரில் ராக்கெட்டின் முதல் கட்டத்தைப் பத்திரமாகத் தரையிறக்கியது முதல், ஏவுசெலவின் இலக்கணமே வேறாகிவிட்டது. சிக்கனம் மட்டும் இனி நம்மை முன்னிறுத்தாது. அதை உணர்ந்தே, மீண்டும் பயன்படுத்தத்தக்க முதல் கட்டமும், தாழ் சுற்றுப்பாதைக்கு 30 டன் சுமக்கும் ஆற்றலும் கொண்ட அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு ரூ.8,240 கோடி. கால அளவு 96 மாதங்கள், அதாவது 8 ஆண்டுகள்.

மூன்றாண்டுப் பதவிக்காலங்கள் தொடர்ந்தால், அதைத் தொடங்கியவர், நடத்துபவர், முடிப்பவர் என மூவர் வந்துபோவார்கள். ஒவ்வொருவரும் தம் காலத்துக்குள் பெயர் சொல்லும் சாதனை ஒன்றை நாடுவது மனித இயல்பு. அந்த நாட்டம் நெடுங்காலப் பணியைப் பின்னுக்குத் தள்ளுமானால், அதன் விலை ஒவ்வோர் ஏவுதலின் கணக்கிலும் சேரும்.

ஆகவே, அரசு இரண்டைச் செய்ய வேண்டும் என்பேன். ஒரு பெரிய திட்டத்தின் பாதி வழியையேனும் உடன் கடக்கத்தக்க வயதில் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025 மே 18 அன்று மூன்றாம் கட்டக் கோளாறால் பிஎஸ்எல்வி-சி61 பயணம் தோல்வியுற்றதைப் போன்ற தருணங்களில், ஆய்வு முடிவுகளைப் பாதுகாப்புக்கு ஊறு நேராத அளவில் மக்கள் முன் வைப்பதை மரபாக்க வேண்டும். அளந்து சொல்வதும், சொன்னதற்குப் பொறுப்பேற்பதும்தான் தவனின் நெறி. ஏவுதளத்துக்கு அவர் பெயரைச் சூட்டிய நாடு, அந்த நெறியையும் தொடர்ந்து காக்கக் கடமைப்பட்டுள்ளது.