லாவெரான்

குளிர்சுரம் என்னும் கொடிய நோய் சதுப்பு நிலத்து நச்சுக் காற்றினால் விளைவது என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணி வந்தனர். அவ்வெண்ணம் வீழ வழிசெய்தவர் அல்போன்ஸ் லாவெரான் என்னும் பிரெஞ்சுப் படை வைத்தியராவர்.

இவர் 1845-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையாரும் படை வைத்தியரே. தாமும் அத்தொழிலையே மேற்கொண்டு, ஸ்திராஸ்பூர்க் நகரிற் பயின்று தேறினார். 1878-இல் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆங்குச் சுரத்தால் மாண்ட போர்வீரர்களின் உடல்களைச் சோதித்தபொழுது, இரத்தத்திலும் உறுப்புக்களிலும் கரிய துகள்கள் செறிந்திருத்தலைக் கண்டார். அவை எங்கிருந்து வந்தன என்னும் வினா அவருள்ளத்தைப் பற்றிக்கொண்டது.

1880-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், கான்ஸ்டன்டைன் நகர மருத்துவசாலையில், நோயுற்ற வீரனொருவனின் இரத்தத் துளியைப் பூதக்கண்ணாடியில் நோக்கினார். கரிய துகள் பொதிந்த உருண்டை ஒன்றின் விளிம்பினின்று சாட்டை போன்ற இழைகள் தோன்றித் துடித்து, அயலிலிருந்த செவ்வணுக்களை அலைத்தன. அஃது உயிருள்ள ஒட்டுண்ணி என்று தெளிந்தார்.

அறிஞருலகம் அதனை எளிதில் ஏற்கவில்லை. முந்திய ஆண்டில் உரோமாபுரிப் பக்கத்து மண்ணிற் காணப்பட்டதாகச் சொல்லப்பட்ட வேறொரு கிருமியையே பலர் நம்பியிருந்தனர். லாவெரான் தளர்ந்திலர். 1882-இல் அவ்வுரோமாபுரிக்கே சென்று, அங்குள்ள நோயாளரின் இரத்தத்திலும் அவ்வொட்டுண்ணியைக் கண்டார். 1884-இல் பாஸ்டர் பெருமானும் அதனைக் கண்டு ஒப்பினார்.

எனினும், பின்னர்ப் படைத்துறை அவருக்கு ஆராய்ச்சிக்கு இடமில்லாத நிருவாகப் பதவிகளையே அளித்தது. 1896-இல் அவர் அப்பணியைத் துறந்து, பாஸ்டர் நிலையத்திற் புகுந்து ஆராய்ந்தார். 1907-இல் நோபல் பரிசு பெற்று, அப்பொருளிற் பாதியை அந்நிலையத்தில் வெப்பநாட்டு நோய்களுக்கான ஆய்வுக்கூடம் அமைக்க ஈந்தார். 1922-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் மறைந்தார்.

அவர் திறந்த வாயிலின் வழியே பின்வந்தோர் நெடுந்தூரம் சென்றுளர். பால்சிபாரம் என்னும் கொடிய வகை ஒட்டுண்ணி, தான் குடிபுகுந்த செவ்வணுவின் மேற்புறத்தில் நுண்ணிய புடைப்புக்களை எழுப்பி, ஆங்கு ஒட்டுந்தன்மையுள்ள புரதத்தை நிறுத்துகின்றது. அதனால் அவ்வணு இரத்தக் குழாய்ச் சுவரிற் பற்றிக்கொண்டு, பழுதுற்ற அணுக்களை வடித்தெடுக்கும் மண்ணீரலுக்குத் தப்புகின்றது. மூளையின் சிறு குழாய்களை அடைத்து உயிருக்கும் உலை வைக்கின்றது. இப்புரதத்திற்குரிய மரபணுக்கள் ஏறத்தாழ 60. அவை 1995-இற் கண்டறியப்பட்டன. ஒட்டுண்ணி அவற்றை மாற்றி மாற்றி வழங்குதலால், உடலின் காவல் அதனை அடையாளங்காண இயலாது மயங்குகின்றது.

அன்று பலர் மண்ணையும் காற்றையும் ஆராய்ந்தனர். லாவெரான் நோயாளியின் இரத்தத்தையே நோக்கினார். கண்டதை எவர் மறுப்பினும் கைவிடாது மீண்டும் மீண்டும் சோதித்து நிறுவினார். மாணாக்கராகிய நாம் அவரிடம் கற்கத்தக்கது இதுவே.