21 வயசுல ஒரு கோடு

டிவியில கேம் கன்சோல் மாட்டினதும் முதல் வேலையா கேம் மோட் ஆன் பண்றீங்களா? அப்படியே ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்தையும் தெரிஞ்சுக்கோங்க.

1906-ல் அமெரிக்காவின் யூட்டாவில் பிறந்தவர். 14 வயசுல, ஐடஹோவில் வயலை உழும்போது உழவுச்சாலைப் பார்த்து ஒரு யோசனை வந்ததாம்: படத்தையும் இப்படி வரிவரியா பிரிச்சு, எலக்ட்ரானால் அனுப்பினா என்ன? 1927 செப்டம்பர் 7, சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் கேமரா அனுப்பிய ஒரே ஒரு கோடு திரையில் தெரிந்தது. அப்போ அவருக்கு 21. நம்ம வயசுதான்!

ஆர்சிஏ நிறுவனம் பேடன்ட்டுக்காக மோதியது. தீர்ப்பு இவர் பக்கம். 1939-ல் ஆர்சிஏ பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆனா டிவி வீடு வீடாகப் பரவுவதற்குள் முக்கியமான பேடன்ட்கள் காலாவதி ஆகிவிட்டன. 1971-ல், கடனோடு இறந்தார். அடுத்த வருஷமே முதல் வீட்டு கன்சோல், மேக்னவாக்ஸ் ஒடிசி, கடைக்கு வந்தது.

பழைய டியூப் டிவி, சிக்னல் வர வர வரியை வரைந்துவிடும். இன்றைய டிவி படத்தைப் பிடிச்சு வெச்சு, மெருகேத்தித்தான் காட்டும். அதுக்குள்ள நீங்க அவுட்! கேம் மோட் அந்த மெருகைக் குறைக்குது. அதாவது, ஃபைலோவோட வேகத்துக்குக் கொஞ்சம் திரும்பிப் போறீங்க.