ஒளியும் விழியும்

குற்றாலப் பேரருவி பாறையில் மோதிச் சிதறுங்கால், கதிரவனைப் பின்னாகக் கொண்டு நிற்போர் நீர்த்திவலைகளில் வானவில்லைக் காண்பதுண்டு. அருகிலுள்ள தென்காசியில், நண்பகல் வெயிலில் நடந்து வந்து காசி விசுவநாதர் திருக்கோயிலினுள் புகுவோர்க்குத் தூண்களிலுள்ள சிற்பங்கள் முதலில் நன்கு தெரிவதில்லை. சற்றுநேரம் நின்றால் அவை மெல்ல மெல்லப் புலனாகும். முன்னது ஒளியின் இயல்பு. பின்னது கண்ணின் இயல்பு. இவ்விரண்டையும் ஆராய்ந்த தமிழ்நாட்டுப் பேரறிஞர், சர் சி. வி. இராமன் ஆவார்.

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை அலுவலில் அமர்ந்தார். அலுவல் போக எஞ்சிய பொழுதெல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தது. 1917-இல் அவ்வுயர்ந்த பதவியைத் துறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928-இல் அவர் கண்டறிந்த ‘இராமன் விளைவு’ 1930-ஆம் ஆண்டின் நோபெல் பரிசை அவருக்கு ஈட்டித் தந்தது.

புகழின் உச்சியை எய்தியும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. எழுபது அகவை கடந்தபின், பெங்களூரில் தாம் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில், கண் எங்ஙனம் காண்கின்றது என்று ஆராயத் தலைப்பட்டார்.

விழித்திரையில் கோல், கூம்பு என்னும் இருவகை உயிரணுக்கள் உள்ளன. கோல்கள் மங்கிய ஒளியிலும், கூம்புகள் மிக்க ஒளியிலும் தொழிற்படுவன. அவற்றிலுள்ள நிறப்பொருள் ஒளிபட்டு வெளிறும். இருளில் மீண்டும் உண்டாகும். நெடுநேரம் ஒளியிலிருந்த கண், இருளிற் புகுந்தவுடன் காணாமைக்குக் காரணம் இதுவே. கோல்கள் முழுவாற்றலையும் திரும்பப் பெற ஏறத்தாழ அரைமணி நேரமாகும்.

இவ்வயர்ச்சியையே இராமன் கருவியாக்கிக் கொண்டார். நிறக்கண்ணாடி ஒன்றைக் கண்முன் பிடித்து, ஒளியூட்டிய வெண்திரையைச் சிறிதுபொழுது நோக்குவார். பின் அக்கண்ணாடியைச் சட்டென விலக்குவார். அப்பொழுது தம் விழித்திரையின் நடுக்குழியே திரைமீது பெரிதாகத் தோன்றக் கண்டார். இவ்வாய்வுகளைத் தொகுத்து 1968-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் கூறிய விளக்கங்கள் பலவற்றை அறிவியலுலகம் ஏற்கவில்லை. நிறங்களை உணர்வன மூவகைக் கூம்புகள் என்னும் கொள்கையை அவர் மறுத்தார். ஆயினும் அக்கொள்கையே நிலைபெற்றது.

மெல்லொளியால் அயர்ந்த கண் தானே தேறும். ஞாயிற்றை நேரே உற்றுநோக்கினாலோ, நடுக்குழியிலுள்ள கூம்புகள் சிதையும். விழித்திரைக்கு நோவுணர்ச்சி இன்மையால், கேடு நிகழ்வது அப்பொழுது தெரியாது. அழிந்த கூம்புகள் மீண்டும் தோன்றுவதில்லை. ஆதலின் கதிரவ கிரகணத்தையும் வெறுங்கண்ணால் நோக்குதல் தகாது.

இராமன் 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மறைந்தார். முதுமையிலும் குன்றாத அவரது வினவும் ஊக்கம் மாணவர் போற்றிக் கொள்ளத்தக்கது. கண்டதை ஆராயும் துணிவும், காணும் கண்ணைக் காக்கும் கருத்தும் அறிவை நாடுவோர்க்கு ஒருங்கே வேண்டும்.