கண்டிக்கு றகர் தந்த ஆசான்

கண்டி மாநகரின் சிறப்புகள் எவை என்று கேட்டால் தலதா மாளிகையும், வாவியும், எசலப் பெரஹராவும், அண்மையிலுள்ள பேராதனைப் பூங்காவும் உடனே நாவில் எழும். இன்னும் ஒன்று சொல்லுக என்றால் அந்நகரத்து இளைஞர் சிறிதும் தயங்காது றகர் ஆட்டத்தைச் சொல்வர். முட்டை வடிவான அப்பந்து கடல் கடந்து வந்தது என்பது உண்மையே. ஆயினும் அதனை இந்நாட்டுப் பள்ளிச் சிறுவரின் கைகளிலே முதன்முதல் கொடுத்தவர் கண்டியிலே பிறந்து கண்டியிலே பயின்ற ஓர் ஆசிரியர். லூயி எட்மண்ட் பிளேஸ் என்பது அன்னாரின் பெயர்.

பறங்கியர் குலத்திலே 1861ஆம் ஆண்டு பிறந்த பிளேஸ், திரித்துவக் கல்லூரியிலே கல்வி கற்றார். பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் பி. ஏ. பட்டத்தையும் பெற்றார். இந்தியாவிலே சில காலம் ஆசிரியத் தொழில் புரிந்து தாயகம் மீண்டவர், 1891ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் தேதியன்று கண்டிப் பெவிலியன் வீதியிலே ஆண்கள் உயர்தரப் பாடசாலை ஒன்றைத் திறந்தார். அன்று வந்து சேர்ந்த மாணாக்கர் பதினொருவர். றகர் ஆட்டத்திலே ஓர் அணிக்குப் பதினைவர் வேண்டும் என்பதை வாசகர் இவ்விடத்தில் நினைவிற் கொள்வாராக. ஓர் அணிக்குத் தானும் ஆளில்லாத பள்ளியின் தலைவர்தாம் பிற்காலத்தில் இலங்கைப் பள்ளி றகரின் தந்தை எனப் போற்றப்படுகின்றார்!

அந்நாளில் றகர் வெள்ளையரின் ஆட்டம். கொழும்பிலே 1879ஆம் ஆண்டு கால்பந்துக் கழகம் ஒன்றை அமைத்து ஆடத் தொடங்கியவர் ஆங்கிலேயரே. மலைநாட்டிலே கோப்பி அழிந்து தேயிலை தழைத்த காலத்தில், தோட்டத்துரைமார் வார இறுதிகளிலே கூடித் தமக்குள்ளேயே ஆடி மகிழ்ந்தனர். இந்நாட்டவர் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். பந்தைத் தொடல் அரிது. இந்நாட்டவர்க்கென ஒரு றகர் கழகம் கொழும்பிலே தோன்றியது 1922ஆம் ஆண்டிலேதான் என்பதை நோக்கின், பிளேஸ் அவர்கள் செய்த செயலின் துணிவு புலனாகும். தம் சிறு பள்ளியிலே தொடக்க காலத்திலேயே இவ்வாட்டத்தைப் புகுத்தினார். சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் நகரத்திலே, அச்சிறுவர்கள் தோளோடு தோள் பிணைந்து தள்ளக் கற்றனர்.

இவ்வாட்டத்தின் இயல்பை அறியாதார்க்கு இரண்டொரு சொல். பந்தை ஏந்தி ஓடலாம், உதைக்கலாம், ஆனால் கையால் முன்னோக்கி எறிதல் ஆகாது. ஆகவே பந்துடன் முன்னே செல்பவன் எத்துணை வல்லவனாயினும், தன் தோளுக்குப் பின்னே ஒரு தோழன் வருதலையே நம்பியிருக்கின்றான். பதினைவருள் முன்னணியினர் எண்மர். தலை தாழ்த்தி, பிணைந்து, எதிரியைத் தள்ளிப் பந்தை வென்று தருவது அவர் கடன். விரைந்தோடிப் புள்ளி பெறும் பின்னணி வீரனையே கூட்டம் தலைமேல் வைத்துக் கொண்டாடும். தள்ளிக் களைத்த முன்னணியினனோ சேற்றிலிருந்து எழுந்து ஓடி, அவ்வீரன் வீழ்த்தப்படும் வேளையிலே பந்தை ஏற்கும் இடத்திற்குச் சென்று சேர்ந்திருத்தல் வேண்டும். பாரஞ் சுமப்பவனும் அவனே, பந்தை ஏற்பவனும் அவனே. அவன் பெயரைக் கேட்பவர்தாம் இல்லை.

பிளேஸ் அவர்களின் வாழ்விலும் இத்தகைய ஒரு கட்டம் வந்தது. தனியொருவர் பொறுப்பிலே பள்ளி நடத்துதல் அன்றும் எளிதன்று. சம்பளப் பணம், கட்டிடம், ஆசிரியர் எனத் தேவைகள் பெருகும். 1894ஆம் ஆண்டிலே தாம் தோற்றுவித்த பள்ளியை வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனிடம் ஒப்படைத்தார். சொந்தம் போயிற்று, பொறுப்புப் போகவில்லை. அதிபராக அவரே தொடர்ந்தார். 1898இல் இங்கிலாந்திலே ஜோன் வெஸ்லி நிறுவிய பள்ளியின் பெயரால் கிங்ஸ்வூட் என்னும் பெயரும் சூட்டப்பெற்றது. தம் பெயர் அதிலே விளங்க வேண்டும் என்று எண்ணும் மனிதராயின் இதற்கு இசைந்திருப்பாரா?

இனி 1906ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டிலேதான் இலங்கையின் முதலாவது பாடசாலை றகர்ப் போட்டி, போகம்பரைத் திடலிலே கிங்ஸ்வூட் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்குமிடையே நடைபெற்றது. ஒருபுறம் பிளேஸ் தாம் கற்ற பள்ளி; மறுபுறம் தாம் பெற்ற பள்ளி! திரித்துவக் கல்லூரி அப்போது பிரேசர் என்னும் ஆற்றல் மிக்க அதிபரின்கீழ் ஓங்கி வளர்ந்துகொண்டிருந்தது. ஆள் பலத்திலும் புகழிலும் மூத்த அக்கல்லூரியின் முன் கிங்ஸ்வூட் இளையதே. ஆட்டம் முடிந்தபோது இரு சாராரும் ஆளுக்கு 6 புள்ளி பெற்றிருந்தனர். எல்லைக் கோட்டைக் கடந்து பந்தை ஊன்றுவோர்க்கு அக்கால விதிப்படி 3 புள்ளியே உரியது. ஆதலால் இந்த 6 இலேசாகக் கிடைத்த எண்ணன்று. வெற்றி தோல்வியின்றி முடிந்த அப்போட்டி தம் மாணாக்கருக்கு அளித்த மதிப்பை அவர் நன்கு உணர்ந்திருப்பார் என்பதே எம் கருத்து.

வியப்பான ஒரு பொருத்தத்தை இங்கே கூறாது விடல் இயலாது. றகரின் கிளையாகத் தோன்றி வேறாக வளர்ந்தது அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்தாட்டம். அவ்வாட்டத்தில் இளைஞர் பலர் மாண்டு போகவே, 1905இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேச நேர்ந்தது. மறு ஆண்டு, அதாவது போகம்பரைப் போட்டி நிகழ்ந்த அதே 1906இல், பந்தை முன்னோக்கி எறியலாம் என்று ஆங்கே விதி திருத்தினர். அவ்விதியின் பயனாய் நாளடைவில் தோன்றியதே டைட் எண்ட் என்னும் நிலை. போர் வரிசையின் ஓரத்திலே, காவலர்களை ஒட்டி நிற்பவன் அவன். ஒரு கணம் எதிரியைத் தடுத்துத் தன் பந்தெறிவோனைக் காப்பான். மறு கணம் நழுவிச் சென்று, எதிரணியின் நடுக்காவலருக்குப் பின்னேயுள்ள வெற்றிடத்திலே பந்தை ஏற்பான். பருத்த காவலர் அவன் வேகத்துக்கு ஈடாகார். விரைந்த காவலரோ அவன் உடற்கட்டுக்கு ஈடாகார். தடுப்பதா ஏற்பதா என்று எதிரி ஐயுறுவதே அவன் பலம். கண்டியின் சேறு படிந்த முன்னணியினனுக்கும் அவனுக்கும் உறவு நெருங்கியதே. விதிகள் வேறாயினும் இருவரும் ஒரே தொழிலாளர்.

பிளேஸ் விளையாட்டுப் பித்தர் என்று எவரும் எண்ண வேண்டா. அவர் எழுத்தாளர்; வரலாற்றாசிரியர். பாடசாலை மாணவருக்காக அவர் ஆங்கிலத்தில் யாத்த இலங்கைச் சரித்திரம் பன்முறை பதிப்பிக்கப்பெற்றது. இங்கிலாந்தின் அரசர் வரிசையை ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, தம் நாட்டு வரலாற்றைத் தம் நாட்டவர் ஒருவரே எழுதித் தந்த நூல் அது. வெள்ளையர் ஆட்டத்தைத் தம் மாணாக்கருக்கு உரியதாக்கியதும், நாட்டின் கதையை அவர்கள் கையிலே கொடுத்ததும் ஒரே உள்ளத்தின் இரு செயல்கள் எனத் தோன்றுகின்றது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் அதிபராகத் தொண்டாற்றி 1923இல் அவர் ஓய்வு பெற்றார். ஈராண்டு கழித்து, 1925இலே, சேர் ஜோன் ராண்டில்ஸ் என்னும் ஆங்கிலப் பிரபுவின் கொடையால் பள்ளி விசாலமான குன்றொன்றிற்குப் பெயர்ந்தது. அக்குன்றின் பெயர் ராண்டில்ஸ் குன்று. உழைத்தவர் நகரத்து நெருக்கத்திலே உழைத்து முடித்தபின், விரிந்த வெளி பின்வந்தோர்க்கு வாய்த்தது.

ஆட்டம் அவர் கையை விட்டு வெகுதூரம் சென்றுவிட்டதை அவரே வாழ்ந்திருந்து கண்டார். 1920இல் கொழும்பு றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் றகரிலே முதன்முதல் மோதின. 1945இல் அவ்விரு கல்லூரிகளுக்கிடையே பிராட்பி கேடயப் போட்டி தொடங்கி நாடெங்கும் பேசப்படலாயிற்று. அக்கேடயத்தின் பெயரை அறிந்தவர் பல்லாயிரவர். பிளேஸின் பெயரை அறிந்தவர் அத்துணைப் பேர் அல்லர். 1951ஆம் ஆண்டு, தொண்ணூறு வயது நிரம்பச் சில வாரங்களே இருக்கையில் அவர் காலமானார். அவர் தொடங்கிவைத்த கிங்ஸ்வூட், திரித்துவக் கல்லூரிகளின் றகர்ப் போட்டி அதன்பின்னும் கண்டியிலே பல்லாண்டு நடந்து வந்திருக்கின்றது.